ஜப்பானில் ஒரே பந்தி

ஜப்பான் தேசத்துச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத மீன் ஒன்று உண்டு. கிண்ணத்தைத் துழாவிப் பார்த்தாலும் அது அகப்படாது. முள் இல்லை, செதிள் இல்லை. ஆனாலும் காலையில் அருந்தும் மிஸோ ரசத்தில் அது இருக்கிறது. நண்பகலில் உண்ணும் நூல் போன்ற சேமியாவின் சாற்றில் இருக்கிறது. வெந்த பரங்கித் துண்டின் மேல் பளபளவென்று நிற்கும் நீரிலும் இருக்கிறது. அதற்குத் 'தாஷி' என்று பெயர். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, நாள் கணக்கில் உலர்த்தி, மரக்கட்டைபோல் இறுகச் செய்து, பிறகு தச்சன் இழைப்புளியால் பலகையை இழைப்பது போல் சீவல் சீவலாக இழைத்து எடுக்கிறார்கள். அந்தச் சீவலை வெந்நீரில் சற்று ஊறவிட்டு வடித்த சாறுதான் தாஷி. நம் தென்கோடிக் கடற்கரையிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விற்கிறார்களே, அதற்கு இது உடன்பிறப்பு.

சைவ உணவுக்காரர் ஒருவர் ஜப்பானிய விடுதியில் உட்கார்ந்து, "இதில் மீன் கலந்திருக்கிறதா?" என்று கேட்டால், பரிமாறும் பெண்மணி இடுப்பு வளைய வணங்கி, "இல்லை" என்று சொல்லக்கூடும். அவள் பொய் சொல்லவில்லை. நம் வீட்டுச் சாம்பாரில் என்ன போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் முருங்கைக்காய் என்போம், கத்தரிக்காய் என்போம், பெருங்காயம் என்று பதில் சொல்வோமா? அவர்களுக்குத் தாஷி அப்படி. வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போக நினைக்கும் சைவக் குடும்பத்தார் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நலம். ஃபூஜி மலையைப் பற்றிப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். என் தந்தைக்கு எண்பது வயது நிறைந்திருந்தது. ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்தவர். சதாபிஷேகத்தை விமரிசையாக நடத்த வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தியபோது, "ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டால் அதில் ஐந்நூறு பேர் குறை சொல்வார்கள். அந்தப் பணத்தில் நாம் ஆறு பேரும் எங்கேயாவது போய்ப் பத்து நாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள், நாங்கள் பெங்களூரில். வருஷத்தில் தீபாவளிக்கு மூன்று நாள், கோடை விடுமுறையில் ஒரு வாரம், மற்ற நாட்களில் கைப்பேசியில் முகம் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு சரி.

எழுபத்திரண்டு வயதான என் தாயார் மீனும் முட்டையும் சமைத்த அடுப்பை அறியாதவள். விரத நாட்களில் வெங்காயம், பூண்டும் கிடையாது. என் பையனுக்குப் பதினைந்து வயது. பெங்களூரில் நண்பர்களுடன் சேர்ந்து எல்லாவற்றையும் உண்ணப் பழகிவிட்டான். எனக்கும் என் மனைவிக்கும் இது தெரியும். தாத்தா பாட்டிக்குத் தெரியாது. ஏழு வயதுப் பெண் குழந்தைக்கோ எந்த ஆகாரமும் பிடிக்காது. அப்பளம் ஒன்றுதான் பிடிக்கும். இந்த ஆறு வாய்களையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது எப்படி என்பதுதான் பிரயாணத்துக்கு முன் என் மனைவியைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி.

நவம்பர் மாதத்தில் போனோம். மேப்பிள் இலைகள் குங்கும நிறமாகச் சிவக்கும் பருவம். டோக்கியோவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஜனக்கூட்டம் அதிகம், சத்தம் குறைவு என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். குழந்தைக்கு அங்கே மிகவும் பிடித்தவை சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே கிடைக்கும் பதார்த்தங்களையெல்லாம் பிளாஸ்டிக்கில் அச்சாகச் செய்து வெளியே வைத்திருக்கிறார்கள். முன்பு மெழுகில் செய்தார்களாம். ஆவி மட்டும்தான் பறக்கவில்லை. பாஷை தெரியாதவரும் விரலால் சுட்டிக் காட்டிச் சாப்பிடலாம். ஆனால் அந்த அச்சிலும் தாஷி தெரியாது அல்லவா? ஆகவே முதல் இரண்டு நாளும் என் தாயார் கையோடு கொண்டுவந்த பருப்புப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் நம்பியே ஜீவித்தாள். மூலைக்கு மூலை இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு கடைகளில் சர்க்கரை சேராத தயிர் கிடைத்தது. அதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

அந்தக் கடைகளிலேயே 'ஓனிகிரி' என்ற சோற்று உருண்டையும் விற்கிறார்கள். முக்கோணமாகப் பிடித்து, உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றியிருக்கும். உள்ளே பெரும்பாலும் மீன்தான். ஆனால் ஒரு வகையில் 'உமேபோஷி' என்ற உப்பிட்ட பழம் ஒன்று மட்டும் இருக்கும். 'உமே' என்பது வாதுமைப் பழ இனத்தைச் சேர்ந்த ஒரு புளிப்புக் காய். அதை உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். அம்மா அதை ஒரு கடி கடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு, "இது நம் உப்பு நார்த்தங்காய்க்கு அக்கா" என்றாள். தயிர் சாதமும் உமேபோஷியும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை நம்மவர்கள் ஒருமுறை பரீட்சை செய்து பார்க்க வேண்டும். உறையைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மீன் சீவல் கலந்த உமேபோஷியும் உண்டு.

மூன்றாம் நாள் அப்பாவின் நாள். ஷிஞ்ஜுக்குப் பேட்டையில் உள்ள நாகமுராயா என்ற ஸ்தாபனத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஊரிலேயே சொல்லியிருந்தார். 1901-இல் ஸோமா தம்பதிகள் ரொட்டிக் கடையாக நடத்தத் தொடங்கியது அது. 1912-இல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது வெடிகுண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டிஷாரின் நெருக்குதலுக்கு இணங்கி ஜப்பானிய சர்க்கார் அவரை நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டபோது, ஸோமா தம்பதிகள் தங்கள் கடையின் பின்கட்டில் அவரை ஒளித்துவைத்தார்கள். பிறகு தங்கள் மகள் தோஷிகோவை அவருக்கு மணமுடித்தும் கொடுத்தார்கள். அந்த அம்மையார் 1925-இல் இளவயதிலேயே காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1927-இல், நாகமுராயாவில் இந்தியக் குழம்பும் சோறும் பரிமாறத் தொடங்கினார்கள். அதுவரை ஜப்பானியர் 'கரி' என்று உண்டது இங்கிலாந்து வழியாக வந்த கோதுமை மாவுக் கூழ். 'எங்கள் தேசத்து உணவு இதுவல்ல' என்று காட்டுவது போஸின் நோக்கம். 1945 ஜனவரியில், சுதந்திரத்தைக் காணாமலே அவர் டோக்கியோவில் கண்ணை மூடினார். அந்தக் குழம்பு இன்றும் அதே பேட்டையில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை முழுவதையும் அப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதுபோலப் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்னார். அப்போதுதான் பேர்பெற்ற அந்தக் குழம்பு கோழிக் குழம்பு என்பது எல்லாருக்கும் நினைவு வந்தது. எண்பது வருஷம் காத்திருந்து வந்தவர் அதைத் தொட முடியாது. சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "இவ்வளவு தூரம் வந்து ஒருவரும் ருசி பார்க்காமல் போகிறோமே!" என்று பெருமூச்சு விட்டார்.

"நான் சாப்பிடுகிறேன், தாத்தா" என்றான் பையன்.

என் மனைவி தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பேரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் பேசினார்: "சாப்பிடு. எப்படியிருக்கிறது என்று எனக்கு விவரமாகச் சொல்." பையன் சாப்பிட்டான். மசாலா மணம் நம் ஊர் மணம் என்றும், சோறு மட்டும் கொஞ்சம் ஒட்டுகிறது என்றும், எலும்போடு சமைத்திருப்பதால் சாறு இறங்கியிருக்கிறது என்றும் சொன்னான். கடைசி விவரத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அப்பா அவன் தோளில் கை வைத்து இன்னொன்றையும் சொன்னார். போஸுக்கு அடைக்கலம் கொடுத்த இதே ஜப்பானின் ராணுவம்தான் 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர் அங்கே ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். "இரண்டையும் தெரிந்துகொண்டு இந்த ஊரைச் சுற்றிப் பார்" என்றார். சரித்திர உபாத்தியாயருக்கு விடுமுறை கிடையாது.

அன்று இரவு அம்மா தன் அறையிலேயே தயிர் சாதம் பிசைந்து தனியாகச் சாப்பிட்டாள். தலைவலி என்று சொன்னாள்.

ஷிஞ்ஜுக்குவிலிருந்து ஒன்றரை மணி ரயில் பிரயாணத்தில் ஹக்கோனே மலை இருக்கிறது. எரிமலைப் பிரதேசமாகையால் எங்கும் வெந்நீர் ஊற்றுகள். ஊற்றுநீர் வந்து விழும் சத்திரங்களுக்கு 'ரியோகான்' என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கோரைப்பாய் விரித்த அறையில் தரையில் உட்கார வேண்டும். இரவில் அதே அறையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். இதைக் கண்டு ஐரோப்பியர் வியந்து புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. உடுக்கக் கொடுக்கும் 'யுகாதா' என்ற அங்கியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: இடப்பக்கத்து மடிப்பு மேலே வரவேண்டும். வலப்பக்கத்தை மேலே மடித்தால் அது பிரேதத்துக்கு உடுத்தும் முறை. சோற்றில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்குப் பண்டத்தை மாற்றுவதும் அப்படியே சாவுச் சடங்கைச் சேர்ந்தவை. குழந்தை இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொண்டு எங்களையெல்லாம் அதட்டத் தொடங்கினாள்.

இந்தச் சத்திரத்துக்கு நாங்கள் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தோம். ஜப்பானிய பாஷை அறிந்த நண்பர் ஒருவரைக் கொண்டு, மாமிசம் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது, மீன் சாறும் கூடாது என்று தெளிவாக எழுதச் சொன்னோம். கடைசி வார்த்தைதான் முக்கியம். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்ன சேரும் என்று பட்டியல் போட்டு, 'கொம்பு' மட்டும் போட்டுச் சாறு இறக்குகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கொம்பு என்றதும் அம்மா திடுக்கிட்டாள். மாட்டுக் கொம்பு அல்ல. வடக்கே ஹொக்கைடோ தீவுக் கடலில் விளையும் அகன்ற பாசி. அதை உலர்த்தி, தோல் வார்போல் நறுக்கி விற்கிறார்கள். அதை ஊறவைத்த நீரில் இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் நாக்கில் நின்று நிதானமாகப் பரவும் ஒரு ருசி உண்டு. 1908-இல் டோக்கியோ சர்வகலாசாலையில் இரசாயன ஆசிரியராயிருந்த இகேடா கிகுனாயே அந்த ருசிக்குக் காரணமான உப்பைக் கொம்பிலிருந்து பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அடுத்த வருஷம் கடைக்கு வந்த அஜினோமோட்டோ என்ற வெள்ளைத் தூள் அந்த ஆராய்ச்சியின் குழந்தை. அறுசுவை என்று கணக்குப் போட்ட நம் முன்னோர் இதை எந்தச் சுவையில் சேர்த்திருப்பார்களோ தெரியாது.

சாப்பாடு அறைக்கே வந்தது. நான் எதிர்பாராத ஒரு சௌகரியம் அதில் இருந்தது. ஜப்பானியர் பெரிய பாத்திரத்தை நடுவில் வைத்து எல்லாரும் அள்ளி உண்பதும் உண்டு. ஆனால் இம்மாதிரி விருந்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பலகை, அதன்மேல் தனித்தனியே பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்கள். வீடுகளிலும்கூட அப்பாவின் சோற்றுக் கிண்ணம், அம்மாவின் கிண்ணம், பிள்ளையின் குச்சி என்று அவரவருக்கு உரியது பிரிந்தே இருக்குமாம். ஒருவருடையதை மற்றவர் தொடுவதில்லை. "எச்சில் பத்துப் பார்க்கிறவர்கள்தான்" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். சத்திரத்து அம்மையார் வயதில் மூத்த இருவரையும் சித்திரம் தொங்கும் மாடத்துக்கு முன்னால், மரியாதைக்குரிய இடத்தில் அமர்த்தினார். பையனின் பலகையில் மீன் இருந்தது. அவன் தானாகவே எழுந்து அதை அறையின் கோடியில், கதவோரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரே அறை, ஆனால் நடுவில் ஒரு காவேரி ஓடியது.

மறுநாள் காலையில் கூடத்தில் ஒரு பெரிய குடும்பத்தைக் கண்டோம். நடுவே ஒரு மூதாட்டி பொன்னிறமான கையில்லாச் சட்டையும் அதே நிறக் குல்லாயும் அணிந்து அமர்ந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள், பேரர்கள், மடியில் ஒரு கொள்ளுப் பேத்தி. கைப்பேசியில் பேசியதை அதுவே மொழிபெயர்த்துச் சொல்ல, விஷயம் தெரிந்தது. மூதாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. ஜப்பானிய எழுத்தில் அரிசியைக் குறிக்கும் வடிவத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்ற மூன்று எழுத்துகள் வரும், அதாவது எண்பத்தெட்டு. ஆகையால் அந்த வயது 'அரிசி வயது'. அதற்கு ஒரு விழா. அறுபதாவது வயதுக்கும் விழா உண்டு. அதற்குச் சட்டை சிவப்பு. அவர்கள் கணக்கிலும் வருஷங்கள் அறுபது கொண்ட சுழற்சி. அறுபது முடிந்தால் பிறந்த வருஷமே திரும்பி வருகிறது. மனிதன் மறுபடியும் குழந்தையாகிறான் என்று சிவப்பு அணிவிக்கிறார்கள். சீனத்திலிருந்து அவர்களுக்கு வந்த கணக்கு அது. பிரபவ முதல் அக்ஷய வரை அறுபதையும் அப்பா ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினார். மூதாட்டி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அம்மா கேட்ட கேள்வி வேறு: "எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா?" இல்லை. மூத்த மகன் நகோயாவில், பேரன் வடக்கே ஸப்போரோவில், மூதாட்டி தன் கிராமத்தில் தனியாக. வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு சத்திரத்தில் கூடி, இரண்டு வேளை சேர்ந்து உண்டு பிரிகிறார்கள். இதில் அதிசயமில்லை. 1980-ஆம் ஆண்டில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் உள்ள ஜப்பானிய வீடுகளில் ஏறக்குறைய பாதி, மூன்று தலைமுறையும் கூடி வாழ்ந்த வீடுகளாயிருந்தன. இப்பொழுது பத்து வீட்டில் ஒன்றுகூட அப்படியில்லை. வீட்டில் இருந்த கூடம் சத்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அம்மா அந்த மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியை யாரும் அப்போது எடுக்கவில்லை.

கியோட்டோவில் மூன்று நாள், நாராவில் ஒரு நாள். நான்ஜென்ஜி கோயிலின் பக்கத்தில் கொம்புச் சாற்றில் சூடாக மிதக்கும் தோஃபு என்ற சோயாப் பால்கட்டி பிரசித்தம். அங்கேயும் தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான் மீன் ஒளிந்திருந்தது. உப்பை மட்டும் தொட்டுக்கொண்டு ஒப்பேற்றினோம். நாராவில் தோதைஜி ஆலயத்து மகா புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 736-இல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவிதான் 752-இல் அந்த விக்கிரகத்துக்குக் கண் திறந்தவர். தூரிகையில் கட்டிய கயிறுகளைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு நின்றார்களாம். அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. நவம்பர் 15-ஐ ஒட்டி, மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைப் பட்டுடுத்திக் கோயிலுக்கு அழைத்துவருவது அந்நாட்டு வழக்கம். தாத்தாவும் பாட்டியும் குழந்தையின் அங்கியைச் சரிசெய்வதும், நீண்ட மிட்டாய்ப் பையை யார் தூக்குவது என்று வாதாடுவதும் பார்க்கப் பார்க்கத் திகட்டாத காட்சி. எங்கள் வீட்டு ஏழு வயதுக்கும் ஒரு மிட்டாய்ப் பை வாங்கித்தர வேண்டியதாயிற்று.

ஒஸாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பிறகு செங்குத்தான மலைச் சரிவில் கம்பிவடம் இழுக்கும் வண்டியில் ஐந்து நிமிஷம். கோயா மலை வந்துவிடுகிறது. சுமார் 800 மீட்டர் உயரத்தில், வானளாவிய தேவதாரு மரங்களுக்கிடையில், நூற்றுப் பதினேழு ஆலயங்கள் கொண்ட ஊர். 816-இல் கூகாய் என்ற மகான் ஸ்தாபித்தது. அவர் 804-இல் சீனம் சென்று, அங்கிருந்த இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதம் கற்றுத் திரும்பியவர். சமஸ்கிருத எழுத்தை இப்படிக் கற்ற துறவிகளின் வழியாகவே, அ, இ, உ, எ, ஒ என்றும், பிறகு க, ச, த, ந என்றும் ஜப்பானிய நெடுங்கணக்கு வரிசைப்பட்டது. குழந்தை சுவரிலிருந்த அட்டையைப் படிக்கப் படிக்க, அம்மா அடுத்த எழுத்தை முன்கூட்டியே சொல்லி அவளைப் பிரமிக்க வைத்தாள்.

இந்த மலையில் ஆயிரம் வருஷம் பெண்கள் காலடி வைக்கக் கூடாது என்றிருந்தது. மலையைச் சுற்றி எல்லையில் நின்று கும்பிடுவதற்காகப் பெண்கள் மண்டபங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. 1872-இல் மேஜி சர்க்கார் தடையை நீக்கியது. அதே வருஷத்தில்தான், 675-ஆம் ஆண்டு முதல் அரச கட்டளைகளால் விலக்கப்பட்டு வந்த மாட்டிறைச்சியைச் சக்கரவர்த்தி உண்டார் என்று நாடறியச் சொன்னார்கள். புதிய நாகரிகம் வந்தபோது இந்த இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன என்று அப்பா சொன்னார். அம்மா அந்த மண்டபத்தின் முன் சற்று நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். "இங்கேயே திரும்பிப் போனவர்களுக்காக" என்றாள்.

ஐம்பது ஆலயங்கள் யாத்திரிகருக்குத் தங்க இடமும் சாப்பாடும் தருகின்றன. அந்தச் சாப்பாட்டுக்கு 'ஷோஜின்' என்று பெயர். மாமிசமில்லை, மீனில்லை. அது மட்டுமா? வெங்காயமும் பூண்டும் அவற்றின் இனமும் விலக்கு. சாறு இறக்குவது கொம்பிலும் உலர்ந்த காளானிலும். எள்ளை நெய்போல் அரைத்து, ஒரு கொடியின் கிழங்கு மாவோடு சேர்த்துக் கிண்டி, கட்டியாக உறையவைத்த 'கோமா தோஃபு' வாயில் வைத்ததும் கரைந்தது. குளிர்கால இரவில் உறைந்துபோன தோஃபுவை உலர்த்திப் பஞ்சுபோலாக்கிய 'கோயா தோஃபு' இந்த மலையின் பெயரையே தாங்கியது. அதைக் கடித்தால் சாறு பீறிட்டு வரும். ஊறின தயிர்வடை நினைவுக்கு வராமல் போகாது. பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறமும் பலகையில் இருந்தன.

தலை மழித்த இளம் துறவிகள் ஆறு பலகைகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். ஆறிலும் ஒரே பதார்த்தங்கள். இது யாருடையது, அது யாருடையது என்று இந்தப் பிரயாணத்தில் முதல் தடவையாக ஒருவரும் கேட்கவில்லை. பையன் வழக்கம்போல் கதவோரம் போய் உட்கார்ந்தான். அம்மா தன் பக்கத்திலிருந்த பாயைத் தட்டிக் காட்டினாள். அவன் வந்து உட்கார்ந்தான். குழந்தை இரு கைகளையும் கூப்பி, "இத்தடகிமாஸு" என்றாள். தாழ்மையுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். அன்று அவள் அப்பளம் கேட்கவில்லை. மொறுமொறுவென்று பொரித்த தாமரைக் கிழங்கு இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் அம்மா பேரனைப் பார்த்து, "எத்தனை நாளாக?" என்றாள்.

"இரண்டு வருஷமாக, பாட்டி."

"தீபாவளிக்கு வந்தபோதும்?"

"ஊரில் சாப்பிடவில்லை. பெங்களூரில்தான்."

அம்மா எள்ளுக் கட்டியை ஒரு துண்டு எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தாள். தன் குச்சியால் எடுத்து வைத்தாள். எச்சில் பத்தெல்லாம் எங்கே போயிற்றோ! "நாளை ஒஸாகாவில் உனக்கு என்ன வேண்டுமோ சாப்பிடு. எனக்கு அது பிடிக்காது. பிடிக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு. கைப்பேசியில் சாப்பிட்டாயா என்று கேட்டால் 'தயிர் சாதம்' என்று சொல்லாதே" என்றாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் துண்டைத் தின்றான். அப்பா, "இந்தக் கோயா தோஃபு இன்னொன்று கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

விடியற்காலையில் ஆலயத்தில் ஹோமம். அதை அவர்கள் 'கோமா' என்கிறார்கள். நம் சொல்தான் கடல் கடந்து போய் நாக்குத் திரும்பியிருக்கிறது. அக்கினியில் சமித்துகளை இட்டு, ஜப்பானிய உச்சரிப்பில் அவர்கள் சொன்ன சமஸ்கிருத மந்திரங்களில் ஓரிரு சொற்களை அம்மா பிடித்துக்கொண்டாள். குளிர் எலும்பைத் துளைத்தது. பாட்டியின் கம்பளியைப் பாதி வாங்கிப் போர்த்திக்கொண்டு பேரன் உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஒக்குனோயின் என்ற மயானத்துக்கு நடந்தோம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சமாதிகள், பாசி படர்ந்து, மரங்களின் காலடியில் இரண்டு கிலோமீட்டர் தூரம் நிற்கின்றன. வழியின் முடிவில் கூகாய் வீற்றிருக்கிறார். 835-இல் அவர் இறந்துவிடவில்லை, சமாதியில் அமர்ந்திருக்கிறார் என்பது இவர்கள் நம்பிக்கை. உயிரோடு இருப்பவருக்குப் பசிக்குமல்லவா? நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் சுடச்சுட உணவு போகிறது. சமையலிடத்திலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை இரண்டு துறவிகள் தூக்கிவர, முன்னால் ஒருவர் நடக்கிறார். வழியில் 'ருசி பார்க்கும் ஜிஸோ' என்ற சிறு தெய்வத்துக்கு முதலில் காட்டிவிட்டுப் பாலத்தைக் கடக்கிறார்கள். உள்ளே நுழைந்து படைக்கும் குரு ஒருவர்தான். உள்ளே கண்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது.

பத்தரை மணிப் பெட்டி எங்களைக் கடந்து போனபோது அனைவரும் ஒதுங்கிக் கைகூப்பி நின்றோம். "இன்றைக்கு என்ன சமையலாம்?" என்று அம்மா மெல்லக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. பையன் கைப்பேசியை எடுத்து, பெட்டிக்குப் பின்னால் வந்த வயதான துறவியிடம் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"நேற்று இரவு நாம் சாப்பிட்டதுபோலத்தானாம், பாட்டி" என்றான் பையன். அம்மா அங்கேயே நின்று, பெட்டி பாலத்தைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.